புது டயர் அதற்குள் தேய்ந்துவிட்டதா? உத்தரவாதத்தில் மாற்றிக் கேட்பது எப்படி?

புதிதாக மாட்டிய டயர். நான்கு மாதம்கூட ஆகவில்லை. மோட்டார் சைக்கிளைக் கழுவும்போது பார்த்தால் நடுப்பகுதி வழவழவென்று இருக்கிறது. பட்டறைக்குப் போனால் போமேன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது ஓட்டித் தேஞ்சது. வாரண்டி எல்லாம் கிடைக்காது" என்கிறார். நீங்களும் காசைக் கொடுத்து வேறு டயர் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். பழைய டயர், கடைக்குப் பின்னால் இருக்கும் குவியலில் போய்ச் சேர்கிறது.

போமேன் சொன்னது பல நேரங்களில் சரியாகவே இருக்கும். ஆனால் எல்லா நேரமும் அப்படியல்ல. டயர் தேய்ந்ததா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. *எப்படித்* தேய்ந்தது என்பதுதான் முக்கியம். யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்தின் வடிவத்தைப் பொறுத்தது.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மழை பெய்யும் சாலையில் உங்களுக்கும் தாருக்கும் நடுவே இருப்பது உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. ஆகவே இது வெறும் நூறு ரிங்கிட் விவகாரம் அல்ல.

சுருக்கமாக

- சாதாரணத் தேய்மானத்துக்கு உத்தரவாதம் கிடையாது. தயாரிப்புக் குறைபாட்டுக்கு உண்டு.
- உத்தரவாத அட்டை இல்லாவிட்டாலும் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது.
- பழைய டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதுதான் உங்களுடைய முதல் சாட்சி.
- பேச்சுவார்த்தையில் முடியாவிட்டால் 5 ரிங்கிட் கட்டணத்தில் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

முதலில், டயர் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா?

டயரில் கோடுகோடாக வெட்டியிருக்கும் பள்ளங்களை மலாயில் 'புங்கா' என்பார்கள். மழைநீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள்தான். பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடு ஒன்று தெரியும். அது தேய்மான அடையாளம். டயரின் பக்கவாட்டில் சிறிய முக்கோணமோ 'டிடபிள்யூஐ' என்ற எழுத்துகளோ இருந்தால், அதற்கு நேராகப் பள்ளத்தைப் பாருங்கள். மேடு அங்கே இருக்கும்.

மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டதா? அப்படியானால் டயரின் ஆயுள் முடிந்துவிட்டது. 'போத்தாக்' ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிலையில் ஓட்டினால் ஜேபிஜே சோதனையில் சம்மன் வாங்கவும் நேரலாம்.

அடுத்து டயரின் வயது. பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால், அது 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டு எண்கள் ஆண்டு. 'புதுசு' என்று விற்ற டயர் கடையில் பல ஆண்டுகள் கிடந்ததா என்பதை இந்த நான்கு எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

தேய்ந்த விதம் என்ன சொல்கிறது?

டயரைத் தரையில் படுக்க வைத்து, கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

*நடுப்பகுதி மட்டும் தட்டையாகியிருந்தால்:* நெடுஞ்சாலையில் நேராகவே நெடுந்தூரம் ஓட்டியிருக்கலாம், அல்லது காற்று அதிகமாக இருந்திருக்கலாம். உத்தரவாதம் கிடைக்க வாய்ப்புக் குறைவு.

*இரண்டு ஓரங்களும் தேய்ந்து, நடுப்பகுதி நன்றாக இருந்தால்:* காற்று குறைவாக இருந்திருக்கலாம், அல்லது சுமை அதிகம். இதற்கும் உத்தரவாதத்தில் இடமில்லை.

*ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால்:* பின்சக்கரம் நேராகப் பூட்டப்பட்டதா என்று பாருங்கள். சங்கிலியை இறுக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் அளவுக் கோடுகள் இருக்கும். இடம் ஓர் அளவிலும் வலம் வேறோர் அளவிலும் நின்றால் சக்கரம் கோணலாக ஓடியிருக்கலாம். அண்மையில் சங்கிலி மாற்றியது யார், டயர் மாட்டியது யார் என்ற கேள்வி இங்கே வருகிறது.

*மேடுபள்ளமாக, அலை அலையாக இருந்தால்:* பெரும்பாலும் முன் டயரில் வரும். அதிர்வுதாங்கி தளர்ந்திருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், சக்கரம் சமநிலை இழந்திருக்கலாம். டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே கதிதான்.

*ஒரே ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால்:* பின் பிரேக்கைப் பூட்டி வழுக்கிய அடையாளம் அது. பர்ன்அவுட் செய்த டயரும் தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

இனி வருபவைதான் கேட்டுப் பார்க்க வேண்டியவை.

*மேல் ரப்பர் உள்அடுக்கிலிருந்து பிரிந்து வருவது. வெட்டோ அடிபட்ட தடமோ இல்லாமல் பக்கவாட்டில் வீக்கம் தோன்றுவது. அண்மையில் தயாரான டயரில் மெல்லிய வெடிப்புகள். ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து வருவது. காற்றும் பூட்டிய விதமும் சரியாக இருந்தும் ஒரு பகுதி மட்டும் விசித்திரமாகத் தேய்வது.* இவற்றில் எதுவும் நூறு விழுக்காடு தயாரிப்புக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'ஓட்டித் தேஞ்சது' என்ற ஒற்றை வரியில் ஒதுக்கிவிடவும் முடியாது. முறையாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க இவை போதுமான காரணம்.

வீக்கம் ஒன்றில் மட்டும் கவனம். குழியில் வேகமாக இறங்கினாலும் உள்ளே நூல் அறுந்து வீக்கம் வரும். ரிம்மில் நசுங்கல் இருந்தால் தயாரிப்பாளர் முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டுவார்.

உத்தரவாதம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

டயர் தயாரிப்பாளர்களின் உத்தரவாதம் பொதுவாக இரண்டு விஷயங்களைத்தான் சொல்கிறது: மூலப்பொருளில் குறை, செய்நேர்த்தியில் குறை. ஆணி குத்தியது, வெட்டு விழுந்தது, காற்றுக் குறைவாக ஓட்டியது, அளவு பொருந்தாத ரிம்மில் மாட்டியது, பந்தயம் ஓட்டியது ஆகியவற்றை அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள். உணவு விநியோகம் போன்ற வணிகப் பயன்பாட்டை விலக்கும் அட்டைகளும் உண்டு. டயரை மாட்டும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள்.

புது மோட்டார் சைக்கிளோடு வந்த டயரா? மோட்டார் சைக்கிளுக்கான உத்தரவாதத்தில் டயர், பிரேக் பேட், சங்கிலி போன்றவை தேயும் பொருள்கள் என்று தனியாக ஒதுக்கப்படுவது வழக்கம். "மோட்டாருக்கு இரண்டு வருட வாரண்டி இருக்கே" என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது. டயரில் குறைபாடு இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, டயர் தயாரிப்பாளரிடம் அனுப்பிப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

கோரிக்கையை ஏற்றுக்கொண்டாலும், முழுவதும் இலவசமாகப் புது டயர் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பலரும் ஏமாற்றம் அடைவது இங்கேதான். மிச்சமிருக்கும் பள்ளத்தின் ஆழத்துக்கு ஏற்ப மட்டும் விலையில் கழித்துத் தருவது டயர் வணிகத்தில் நெடுநாள் வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டயரின் விலை 120 ரிங்கிட். புதிதாக இருந்தபோது தேய்மான மேடு வரை பயன்படக்கூடிய ஆழம் 5 மில்லிமீட்டர். இப்போது 3 மில்லிமீட்டர் மிச்சம். அதாவது 60 விழுக்காடு. 72 ரிங்கிட் உங்களுக்குக் கழிவு, 48 ரிங்கிட் நீங்கள் கட்ட வேண்டும். மாட்டும் கூலி பெரும்பாலும் தனி.

ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஆழம் குறையும், கழிவும் குறையும். அதனால் குறைபாடு கண்ணில் பட்ட அன்றே கேட்பதுதான் லாபம். இன்னொரு காரணமும் உண்டு. பிரிந்து வரும் டயரில் இன்னும் ஒரு மாதம் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

அட்டை 'இல்லை' என்றாலும், சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கும் தெரியாத பகுதி இது. உத்தரவாத அட்டை என்பது தயாரிப்பாளர் தானாகத் தரும் வாக்குறுதி. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 599, தருவது அதற்கு அப்பாற்பட்டது. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உங்களோடு இருக்கிறது.

சட்டத்தின் 32-ஆவது பிரிவுப்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். எந்த வேலைக்காக விற்கப்படுகிறதோ அதற்குப் பொருந்த வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. பொருளின் தன்மை, விலை, அதன்மேல் எழுதியிருந்தது, விற்றவர் சொன்னது எல்லாவற்றையும் வைத்து, விவரம் அறிந்த நியாயமான ஒரு பயனீட்டாளர் அதை ஏற்றுக்கொள்வாரா என்று பார்க்கிறது.

அதனால் சாலையை இறுகப் பிடிப்பதற்காகவே செய்யப்பட்ட மென்மையான ரப்பர் டயர் சீக்கிரம் தேய்ந்தால் அது குறை ஆகாது. அதன் இயல்பே அதுதான். ஆனால் "இது ரொம்ப நாள் உழைக்கும்" என்று விளம்பரம் செய்து விற்ற டயர் சில மாதங்களில் பிய்ந்து போனால், அந்த விளம்பரமே உங்களுக்குச் சாதகம். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னும் சில:

- 34-ஆவது பிரிவு: பொருள் அதைப் பற்றிச் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 'புதிய இருப்பு' என்று விற்ற டயரின் 'டாட்' எண் பல ஆண்டு பழையது என்றால், கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.
- 41, 42-ஆவது பிரிவுகள்: பொருள் தரமில்லை என்றால், விற்பனையாளர் நியாயமான காலத்துக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். பழுதுபார்ப்பது, அதே வகைப் பொருளாக மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது ஆகியவை அதற்கான வழிகள்.
- 53-ஆவது பிரிவு: சேவையையும் அக்கறையோடும் திறமையோடும் செய்ய வேண்டும். அம்புக்குறி காட்டும் திசைக்கு எதிராக டயரை மாட்டியது, சக்கரத்தைக் கோணலாகப் பூட்டியது போன்றவை டயரின் குறை அல்ல. மாட்டியவரின் பொறுப்பு.
- 6-ஆவது பிரிவு: இந்த உரிமைகளை ஒப்பந்தம் போட்டுத் தட்டிப் பறிக்க முடியாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும், குறைபாடுள்ள பொருளுக்கு உங்கள் உரிமை அப்படியே இருக்கும். மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தர மட்டும் இது உதவாது.

வெளிநாட்டு டயரா? அந்தத் தயாரிப்பாளருக்கு மலேசியாவில் வணிக இடம் இல்லாவிட்டால், அதை இறக்குமதி செய்தவரையோ விநியோகித்தவரையோ சட்டம் தயாரிப்பாளராகவே கருதுகிறது. "கம்பெனி வெளிநாட்டுல இருக்கு, நாங்க என்ன பண்றது?" என்று விநியோகிப்பாளர் கைகழுவ முடியாது. இணையத்தில் கடை நடத்தும் விற்பனையாளருக்கும் இதே சட்டம்தான். ஆனால் தன் பழைய டயரை ஃபேஸ்புக்கில் விற்கும் தனிநபர் வணிகர் அல்லர். அங்கே சட்டம் துணைக்கு வராது.

உணவு விநியோகம் செய்பவர்களுக்கு?

மோட்டாரில் வேலை செய்பவர்கள் பயனீட்டாளர்களா என்ற கேள்வி அடிக்கடி எழும். சட்டத்தின் வரையறை முதலில் பார்ப்பது பொருளின் வகையை. வழக்கமாகச் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கப்படும் வகையா, மறுபடி விற்பதற்காக வாங்கினீர்களா என்று கேட்கிறது. கப்சாய் டயர் பெரும்பாலோர் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் பொருள்தான். அதை நீங்கள் மறுவிற்பனைக்கு வாங்கவில்லை. எனவே 'வேலைக்கு ஓட்டுறீங்க, உங்களுக்குச் சட்டமே இல்லை' என்று யாராவது சொன்னால் அப்படியே ஒப்புக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

அதே நேரத்தில் டயரின் சுமை அளவையும் பாருங்கள். பக்கவாட்டில் 80/90-17 என்ற அளவுக்குப் பக்கத்தில் 50பி என்றிருந்தால், அந்த டயர் தாங்கக்கூடிய உச்சச் சுமை 190 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். பின்னால் பெரிய பெட்டி, அதில் நிறைய உணவு, காற்றும் குறைவு என்றால் குறைபாடே இல்லாத டயரும் சீக்கிரம் போய்விடும்.

சரி, இப்போது என்ன செய்வது? படிப்படியாக

1. ஓட்டுவதை நிறுத்துங்கள். வீக்கமோ பிரிவோ இருந்தால் உடனே. 'கேஸ் முடியட்டும்' என்று அதே டயரில் சுற்ற வேண்டாம்.

2. கழற்றும் முன் படம் எடுங்கள். டயர் முழுவதும், தேய்ந்த இடம், 'டாட்' எண், அளவு, அம்புக்குறி, சங்கிலி இறுக்கும் இடத்தின் இரண்டு பக்கங்கள், கிலோமீட்டர் மீட்டர். பள்ளத்தின் ஆழத்தை மூன்று நான்கு இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். ஆழம் அளக்கும் சிறு கருவி விலை குறைவுதான்.

3. டயரை விட்டுவிடாதீர்கள். கழற்றிய டயரைக் கையோடு கொண்டுவாருங்கள். பரிசோதனைக்குக் கொடுக்க நேர்ந்தால், பெற்றுக்கொண்டதற்கு 'டாட்' எண்ணோடு எழுத்து மூலம் ஒப்புகை வாங்குங்கள். டயர் இல்லாமல் குறைபாட்டை நிரூபிப்பது கடினம்.

4. வாங்கிய கடைக்கே முதலில் போங்கள். தவுக்கேயிடம் சண்டை வேண்டாம். "இந்த இடத்தைப் பாருங்க, விநியோகிப்பாளருக்கு அனுப்பிப் பரிசோதிக்க முடியுமா?" என்று கேளுங்கள். பல கடைக்காரர்களுக்குத் தயாரிப்பாளரிடம் கோரிக்கை அனுப்பும் முறை தெரியும். யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களும் சொல்வதில்லை.

5. எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். எப்போது வாங்கினீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன குறை, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று ஐந்து வரியில் முடித்துவிடுங்கள். இப்படி எழுதலாம்:

"மார்ச் 3-ஆம் தேதி உங்கள் கடையில் 80/90-17 பின் டயர் வாங்கி மாட்டினேன். 2,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இடப்பக்கம் மேல் ரப்பர் பிரிந்து வருகிறது, படம் இணைத்துள்ளேன். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி டயரை மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 14 நாள்களுக்குள் பதில் தரவும்."

6. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 'காற்றுக் குறைவு' என்றால் எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த டயராவது பிழைக்கும்.

பேசியும் முடியவில்லை என்றால்?

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சான கேபிடிஎன்னிடம் புகார் செய்யலாம். பணத்தையோ டயரையோ மீட்க வேண்டுமானால் போக வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் அதன் பெயர் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா.

- கட்டணம் 5 ரிங்கிட். இணையம் வழியாகவும் பதிவு செய்யலாம்.
- 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். 2019-க்கு முன் வரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது.
- உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் டயர் விஷயத்தில் மூன்று ஆண்டு காத்திருந்தால் கையில் சாட்சி மிஞ்சாது.
- வழக்கறிஞர் தேவையில்லை. பொதுவாக இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும்.
- விசாரணை தொடங்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தீர்ப்பு வழங்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எதிர்த்தரப்பு வராவிட்டாலும் விசாரணை நடக்கலாம்.
- தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். டயர் வெடித்து விழுந்து காயம் பட்டிருந்தால், அந்தக் காயத்துக்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. அதற்கு நீதிமன்றம்தான். அப்படிப்பட்ட சூழலில் டயரை யாரிடமும் கொடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

அடுத்த டயர் வாங்கும் நாளில்

கோரிக்கையின் பாதி வேலை டயர் வாங்கும் அன்றே முடிந்துவிடும். 'டாட்' எண்ணைப் படித்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். கடைப் பெயர், தேதி, டயர் அளவு, விலை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வெப்பத்தில் எழுத்து மறைந்துவிடும் என்பதால் அதைப் படம் எடுத்து வையுங்கள். மாட்டிய உடனே அம்புக்குறியும் சங்கிலி அளவுக் கோடுகளும் சரியா என்று பாருங்கள். கிலோமீட்டர் மீட்டரையும் ஒரு படம்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன், காற்றை அளந்துவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது மோட்டார் சைக்கிளில் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் அளவு மாறும், அதுவும் அங்கேயே எழுதியிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் இரண்டு நிமிட வேலை. டயர் உழைப்பதற்கும் அதுதான் வழி. நாளை உழைக்காமல் போனால், "காத்து கம்மியா ஓட்டிட்டீங்க" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் செய்வதும் அதுதான்.